சிலிண்டர் பவர் இருந்தா கலர் லென்ஸ் போடலாமா?

ரிசப்ஷனுக்கு ஹேசல் கலர் லென்ஸ் என்று முடிவாகிவிட்டது. மேக்கப் பேக்கேஜிலேயே அதுவும் சேர்த்தி. "உங்க பவர் என்ன மேம்?" என்று ஆர்ட்டிஸ்ட் கேட்கிறார். கண்ணாடிச் சீட்டைப் பார்த்தால் ஒரு எண் இல்லை, மூன்று இருக்கின்றன: -2.50, -1.50, 170. "மைனஸ் டூ பாயிண்ட் ஃபைவ்" என்று முதல் எண்ணை மட்டும் சொல்லி ஆர்டர் போட்டாகிவிடுகிறது. மேடையில் கண் அழகாகத்தான் இருக்கும். கிஃப்ட்டோடு வரிசையில் வருபவர் பெரியம்மாவா, ஆபீஸ் மேனேஜரா என்பதுதான் கிட்டே வரும்வரை தெரியாது.

சொல்லாமல் விட்ட அந்த இரண்டு எண்களில்தான் விஷயமே இருக்கிறது. நடு எண் சிலிண்டர் பவர். கடைசி எண் ஆக்ஸிஸ், அதாவது அந்த பவர் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பது. இவை உங்கள் சீட்டில் இருந்தால் உங்களுக்கு அஸ்டிக்மாட்டிசம் இருக்கிறது என்று அர்த்தம். பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கார்னியா, கிரிக்கெட் பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல், முட்டையைப் படுக்க வைத்த மாதிரி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறது. அதனால் உள்ளே போகும் வெளிச்சம் ஒரே புள்ளியில் குவிவதில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்த மாதிரி இருக்கும். ராத்திரியில் எதிரே வரும் ஹெட்லைட் கோடு கோடாக இழுபடும்.

நேரடியாகப் பதில் சொல்லிவிடலாம். போடலாம். ஆனால் எந்தக் கலர் என்பது கடைசிக் கேள்வி. லென்ஸ் கண்ணுக்குள் திரும்பாமல் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி.

ஐந்து நிமிட முள் தூரம்

சாதாரண லென்ஸ் கண்ணில் எப்படிச் சுற்றினாலும் பிரச்சினை இல்லை. எல்லாத் திசையிலும் அதன் பவர் ஒன்றுதான். சிலிண்டர் பவர் லென்ஸ் அப்படி இல்லை. 170 டிகிரி என்று சீட்டில் இருந்தால் 170 டிகிரியில்தான் நிற்க வேண்டும். கண்ணாடியில் அதை ஃப்ரேம் பிடித்து வைத்திருக்கிறது. கண்ணுக்குள் ஃப்ரேம் ஏது? அதற்காகத்தான் 'டோரிக்' லென்ஸ் என்று தனியாகச் செய்கிறார்கள். லென்ஸின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் கனமாக விடுவது ஒரு வழி. ஓரங்களின் தடிமனை மாற்றி, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமையே லென்ஸை இடத்துக்குத் தள்ளும்படி செய்வது இன்னொரு வழி.

கொஞ்சம் திரும்பினால் என்ன ஆகிவிடும்? கணக்கு இதுதான். லென்ஸ் 10 டிகிரி நகர்ந்தால் சரிசெய்யும் பலனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். -1.50 சிலிண்டர் உள்ளவருக்குச் சுமார் அரை பவர் மிச்சம் நிற்கும். 30 டிகிரி நகர்ந்தால் மிச்சம் நிற்பது முழு 1.50. அதாவது சிலிண்டர் பவர் இருந்தும் இல்லாததற்குச் சமம். சுவர்க் கடிகாரத்தில் நிமிட முள் ஐந்து நிமிடம் நகரும் தூரம்தான் அந்த 30 டிகிரி.

இங்கேதான் கலர் லென்ஸ் சிக்கலாகிறது. ஒரே லென்ஸில் நிறத்தையும் அச்சடித்து, திரும்பாமலும் நிறுத்த வேண்டும். அதனால் கடைகளில் கிடைக்கும் கலர் லென்ஸ்களில் பெரும்பாலானவை சிலிண்டர் இல்லாமல்தான் வருகின்றன. டோரிக் கலர் லென்ஸ் இல்லாமல் இல்லை. ஆனால் நிறமும் பவரும் குறைந்த தேர்வுகளில்தான் இருக்கும், விலை கூடுதல், ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியும் வரும். முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்பு தேடினால் கிடைக்காது.

உங்க நம்பருக்கு எது சரி?

சிலிண்டர் 0.50 மாதிரி குறைவாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அதில் பாதியை முதல் எண்ணோடு சேர்த்துச் சாதாரண லென்ஸாகவே கொடுப்பார்கள். -2.00க்கு -0.50 சிலிண்டர் இருந்தால் -2.25 லென்ஸ். பலருக்கு இது போதும். 0.75க்கு மேலே போகும்போதுதான் டோரிக் தேவையா என்று பார்ப்பார்கள். முதலில் பார்த்த -1.50 சிலிண்டருக்கு இந்தப் பாதி சேர்க்கும் வித்தை எடுபடாது. "போட்டுப் போட்டுப் பழகிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். கண் பழகாது. தலைவலிக்கு வேண்டுமானால் நீங்கள் பழகிக்கொள்ளலாம்.

கண்ணாடிச் சீட்டை அப்படியே லென்ஸ் சீட்டாகப் பயன்படுத்தவும் முடியாது. கண்ணாடி கண்ணைவிட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண் மேலேயே உட்காருகிறது. பவர் 4ஐத் தாண்டினால் இந்த இடைவெளி கணக்கில் வரும். கண்ணாடியில் -5.00 என்றால் லென்ஸில் சுமார் -4.75. அத்தோடு லென்ஸின் வளைவு, விட்டம் இரண்டும் உங்கள் கண்ணுக்குப் பொருந்த வேண்டும். டோரிக் லென்ஸில் சிலிண்டர் எண் கண்ணாடியில் இருப்பதைவிடக் கால் பவர் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். கம்பெனிகள் -0.75, -1.25, -1.75 என்று குறிப்பிட்ட படிகளில்தான் செய்கின்றன.

ஆகவே, டிரையல் இல்லாமல் வாங்காதீர்கள். ஆப்டோமெட்ரிஸ்ட் லென்ஸைப் போட்டுவிட்டு, அது நிலைகொள்ளச் சில நிமிடங்கள் காத்திருந்து, ஸ்லிட் லாம்பில் பார்ப்பார். டோரிக் லென்ஸின் ஓரத்தில் மெல்லிய கோடோ புள்ளியோ இருக்கும். அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை வைத்து ஆக்ஸிஸை மாற்றித் தருவார். இந்த ஒரு வேலையை எந்த ஆப்பும் செய்யாது.

டோரிக் கலர் கிடைக்கவில்லையா? போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும் சாதாரண கலர் லென்ஸ், மற்ற நேரத்துக்கு நிறமில்லாத டோரிக் லென்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். கண்ணாடி போடுவதில் கூச்சம் இல்லாதவர் என்றால் பவர் இல்லாத கலர் லென்ஸ் போட்டு, மேலே வழக்கமான கண்ணாடி. சிலிண்டரைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் சிலிண்டர் அதிகம் உள்ளவர்களுக்கு இதுதான் சிக்கல் குறைந்த வழி. ஆனால் நிறமில்லாத டோரிக் லென்ஸ் மேல் கலர் லென்ஸை ஏற்றிப் போடுவதை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். கார்னியாவுக்கு ரத்தக் குழாய் கிடையாது, காற்றிலிருந்துதான் ஆக்ஸிஜன் எடுக்கிறது. இரண்டு அடுக்கு போட்டால் மூச்சு முட்டும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சிலிண்டர் பவர் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறதா? கண்ணை அடிக்கடி கசக்கும் பழக்கம் உண்டா? அப்படியென்றால் லென்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு கார்னியாவின் வடிவத்தை அளக்கும் டோபோகிராபி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கார்னியா மெலிந்து கூம்பு மாதிரி துருத்திக்கொள்ளும் கெரட்டோகோனஸ், டீன் ஏஜிலும் இருபதுகளிலும்தான் பெரும்பாலும் தலைகாட்டும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மேலும் முற்றாமல் நிறுத்தச் சிகிச்சை இருக்கிறது. அந்தக் கண்ணுக்குக் கடையில் வாங்கும் டோரிக் லென்ஸ் சரிவராது.

நிறம் எங்கே இருக்கிறது?

நம்மவர்களின் அடர் பழுப்புக் கண்ணை மாற்றிக் காட்ட, லேசான சாயம் போதாது. ஒளி ஊடுருவாத அச்சு வேண்டும். அந்த அச்சு லென்ஸின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கிறதா, மேற்பரப்பில் இருக்கிறதா என்பது முக்கியம். மேற்பரப்பில் இருந்தால் சொரசொரப்பு. கண்ணை உறுத்தும், கிருமியும் ஒட்டும். மலிவு லென்ஸ்களில் இந்த ஆபத்து அதிகம். அச்சுக்கு நடுவே கண்மணிக்காக விடும் ஓட்டையின் அளவும் மாறாது. இருட்டில் கண்மணி விரியும்போது நிற ஓரம் பார்வையை மறைக்கும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கலர் லென்ஸோடு ராத்திரி பைக் ஓட்டாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் "ஒரு வருஷம் யூஸ் பண்ணலாம்" என்று விற்கும் ஜோடியை வாங்குவதற்கு முன் யோசியுங்கள். அமெரிக்காவில் 2005ல் வந்த சட்டப்படி பவரே இல்லாத அலங்கார லென்ஸும் மருத்துவ உபகரணம்தான், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இந்தியாவிலும் கான்டாக்ட் லென்ஸ் மருத்துவ உபகரண விதிகளின் கீழ்தான் வருகிறது. பெட்டியில் லைசென்ஸ் எண், லாட் எண், காலாவதி தேதி, இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். வெறும் குப்பியில் கொரியன் எழுத்து மட்டும் இருந்தால் வேண்டாம். இன்னொரு குழப்பம்: மாத லென்ஸ் என்றால் 30 முறை போடலாம் என்று அர்த்தமில்லை. திறந்த நாளிலிருந்து ஒரு மாதம். இரண்டே முறை போட்டிருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். எப்போதாவது போடுபவருக்கு டெய்லி லென்ஸே கணக்குக்குச் சரி.

கல்யாண நாள் கணக்கு

லென்ஸ் முதலில், மேக்கப் பிறகு. கழற்றும்போதும் முதலில் லென்ஸ், பிறகுதான் மேக்கப் ரிமூவர். மையை இமையின் உள்விளிம்பில் தீட்ட வேண்டாம். ஆர்ட்டிஸ்ட் போட்டுவிடுகிறார் என்றால் சீல் உடைக்காத லென்ஸா என்று பாருங்கள். வேறொருவர் போட்டதை "சொல்யூஷன்ல கழுவிட்டேன்" என்றாலும் வேண்டாம்.

நம் ஊர் கல்யாணத்தில் பெரிய ஆபத்து ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே இருக்கிறது. பதினொன்றரைக்குச் சாப்பிட்டு, மூன்று மணிக்கு மறுபடி மேக்கப். "ரெண்டு மணி நேரம்தானே" என்று லென்ஸோடு சாய்வது. தூக்கத்தில் மூடிய கண்ணுக்கு ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. லென்ஸோடு தூங்கினால் கார்னியாத் தொற்று வரும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. ரிசப்ஷனோடு கலர் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். எப்படியும் ஓமப்புகையில் யாரும் கண் கலரைப் பார்க்கப் போவதில்லை.

மண்டபக் குழாயில் லென்ஸைக் கழுவவே கூடாது. சோப்பு போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் எதிலும் அகாந்தமீபா என்ற கிருமி இருக்கலாம். அது கார்னியாவில் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை ஓடும். டப்பாவில் பழைய சொல்யூஷன் மேலேயே புதிதாக ஊற்றுவதும் தப்பு. 2006ல் ஒரு சொல்யூஷனைப் பயன்படுத்தியவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று பல நாடுகளில் வந்து, அந்தச் சரக்கையே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் வயல் வேலையின்போது தழை, தூசி பட்டு வரும் பூஞ்சைப் புண்ணிலும் அடிக்கடி காணப்படுவது அதே ஃபியூசேரியம்தான்.

2024 ஜூலையில் டெல்லியில் ஒரு நிகழ்ச்சிக்கு லென்ஸ் போட்ட நடிகை ஜாஸ்மின் பாசின், கார்னியா பாதித்து, வலியும் மங்கலுமாக அவதிப்பட்டதை அவரே சொன்னார். வலி தொடங்கிய பிறகும் நிகழ்ச்சியை முடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனார். நம்மில் பலரும் அதைத்தான் செய்வோம்.

கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, மங்கல், பீளை, இதில் எது வந்தாலும் லென்ஸை உடனே கழற்றுங்கள். மேடையில் இருந்தாலும்தான். மெடிக்கல் ஷாப்பில் "சிவப்புக்கு ஒரு டிராப்ஸ்" என்று கேட்டு வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே பூஞ்சைப் புண் வேகமாக வளரும். கழற்றிய லென்ஸையும் எறிய வேண்டாம். அதே டப்பா, அதே சொல்யூஷன் பாட்டிலோடு கண் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தும் பரிசோதித்துப் பார்க்க முடியும்.