பருவ வெடிப்பு (பித்தளை)

பருவ வெடிப்பு என்பது, உள்தகைவு மிகுந்த பித்தளைப் பொருள் அமோனியாவும் ஈரமும் உள்ள சூழலில், வெளிவிசை ஏதும் இன்றியே விரிசல் விடும் நிகழ்வு ஆகும். இது தகைவு அரிமான வெடிப்பின் ஒரு வகை. துப்பாக்கித் தோட்டாக்களின் கூடுகளில் இது பெரிதும் அறியப்பட்டது. சுட்ட கூட்டில் மீண்டும் வெடிமருந்து நிரப்பிப் பயன்படுத்துவோருக்கு இது உயிராபத்தை விளைவிக்கக் கூடியது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படையினர், பருவமழைக் காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தனர். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தபோது பல கூடுகள் வெடித்திருந்தன. இதனாலேயே இப்பெயர் ஏற்பட்டது எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. குதிரைச் சிறுநீர் சிதைவதால் வெளிப்படும் அமோனியாவே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக விளக்கியது.

காரணம்

தோட்டாக் கூடு ஏறத்தாழ 70% செம்பும் 30% துத்தநாகமும் கொண்ட பித்தளையால் ஆனது. தகட்டைச் சூடாக்காமல் இழுத்து உருவாக்குவதால் உலோகத்தினுள் தகைவு தங்கிவிடுகிறது. ஈரத்தில் கரைந்த அமோனியா செம்புடன் சேர்ந்து கரையும் சேர்மமாகிறது. அரிமானம் படிகமணிகளின் எல்லைகள் வழியே ஊடுருவ, தகைவு அவ்விடங்களைப் பிளக்கிறது.

தடுப்பு

உருவாக்கிய கூட்டை ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், வலிமை பெரிதும் குறையாமல் தகைவு தணியும். கூட்டின் கழுத்து தனியே சூடாக்கி மென்மையாக்கப்படுகிறது. இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் காணப்படும் நீலம் கலந்த பழுப்பு நிறம் இதன் அடையாளமே. அது பழுது அன்று.

மறுநிரப்பலில் நேரும் தவறுகள்

சுடும்போது கூட்டினுள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டாகலாம். கூடு பிளந்தால் சூடான வளிமம் பின்னோக்கிப் பாய்ந்து சுடுபவரின் கண்ணையும் முகத்தையும் தாக்கக்கூடும். பொதுவான தவறுகள் வருமாறு:

* அமோனியா கலந்த மெருகுநீர்மத்தால் கூடுகளைத் துலக்குதல். கூடு பளபளக்கும்; ஆனால் வலுவிழந்திருக்கும்.
* மாட்டுத் தொழுவம், உரமூட்டைகள் ஆகியவற்றின் அருகில் கூடுகளைச் சேமித்தல்.
* கழுத்தைச் சூடாக்கும்போது அடிப்பகுதியையும் சூடேறவிடுதல். அடிப்பகுதி கடினமாக இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும்.
* அடிப்பகுதிக்குச் சற்று மேலே தோன்றும் ஒளிர்வளையத்தைப் பொருட்படுத்தாமை. பன்முறை பயன்பட்ட கூட்டின் சுவர் அங்கே மெலிந்து துண்டாகும் நிலையில் உள்ளதை அது காட்டலாம்.

விரிசல் கண்ட கூட்டைச் சீர்செய்ய இயலாது, விலக்கிவிட வேண்டும்.

சட்டம்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க உரிமம் தேவை. தோட்டா தயாரிப்பதற்கான உரிமம் வேறு.

அரிமான ஆய்வு

செட்டிநாட்டின் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) அமைந்துள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் 1948இல் சவகர்லால் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறக்கப்பட்டது. உலோக அரிமானமும் அதன் தடுப்பும் இந்நிறுவனத்தின் முதன்மைத் துறைகளுள் அடங்கும். கடற்கரைச் சூழலில் உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராய மண்டபத்தில் இதன் ஆய்வு நிலையம் உள்ளது.