சத்தத்திலிருந்து சங்கீதம்: மூக் முதல் ஆடாசிட்டி வரை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்பாவின் தறிச் சத்தத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அந்தச் சத்தத்தைக் கொண்டே கம்ப்யூட்டரில் இசை அமைக்கலாமே என்று ஆசை வந்தது. விவரம் தேடியபோதுதான், நம் நாட்டில் இந்த முயற்சி 1969லேயே தொடங்கிவிட்டது தெரிந்தது.

அந்த ஆண்டு அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அங்கு இருந்தவை ஒரு மூக் சிந்தசைசரும் டேப் ரெக்கார்டர்களும்தான். மூக்கின் ஒரு பகுதி மின் அலையை உருவாக்கும். இன்னொரு பகுதி அதை வடிகட்டும். ஒயர்களை மாற்றிச் செருகினால் ஒலியும் மாறும். பதிவான டேப்பை வெட்டி ஒட்டலாம், பின்னோக்கி ஓட்டலாம். இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப ஒலிக்கும். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இப்படித்தான் இசை அமைத்தார்கள்.

சில ஆண்டுகளில் அந்தப் பணி நின்றுபோனது. டேப்புகள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023ல் அவை ஆல்பமாக வெளிவந்தன.

அன்று பெரிய கருவிகள் செய்த வேலையை இன்று ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் செய்துவிடும். செல்போனில் ஏதாவது ஒரு சத்தத்தைப் பதிவு செய்து, வேவ் பைலாக அதில் திறந்துகொள்ளுங்கள். நாடா ஓடி, மிதி இறங்கும் ஒரு சுற்றை மட்டும் நான் செலக்ட் செய்தேன். எபெக்ட் மெனுவில் ‘ரிபீட்’ கொடுத்தால் டேப் வளையம் தயார். ‘ரிவர்ஸ்’ கொடுத்தால் சத்தம் பின்னோக்கி ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி, தறி கோயில் முரசு போல் அதிரும்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். எபெக்ட் சேர்த்த எம்பி3 பைலை மட்டும் வைத்துக்கொண்டு, இடம் போதவில்லை என்று ஒரிஜினலை அழித்துவிட்டேன். அடுத்த ஆண்டே அப்பாவுக்கு முதுகுவலி, தறியைப் பிரித்துவிட்டோம். இப்போது என்னிடம் முரசு இருக்கிறது, தறி இல்லை.

அகமதாபாத் டேப்புகளை யாரும் தூக்கி எறியாததால்தான் அந்த இசை நமக்குக் கிடைத்தது. எனவே எடிட் செய்யும் முன் ஒரிஜினல் பைலைத் தனி போல்டரில் காப்பி செய்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எபெக்டை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.