‘எனக்கு வரைய வராது’ என்பவரா? குறிச்சிக் குளம் வரை போய் வாருங்கள்

உக்கடம் தாண்டி பொள்ளாச்சி ரோட்டில் போனால் குறிச்சிக் குளம். கரையில் உள்ள திருவள்ளுவர் சிலை முழுக்க ஸ்டீலில் வெட்டிய தமிழ் எழுத்துகள்தான். கிட்டே போனால் எழுத்து. தள்ளி நின்றால் வள்ளுவர்.

இதற்கு நெருங்கிய சொந்தம்தான் ‘மிக்ஸட் மீடியா’. ஒரே படைப்பில் பெயின்ட், பேப்பர், துணி, இரும்பு என எதுவும் சேரலாம். 1912-லேயே பிகாசோ ஓவியத்தில் எண்ணெய்த்துணியை ஒட்டி, பிரேமுக்குப் பதில் கயிறு சுற்றினார். கோவையில் 1911-ல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கரோ, 1960-களில் எழுத்தையும் ஜாதகக் கட்டத்தையும் கேன்வாஸுக்குக் கொண்டுவந்தார்.

சரி, பயம் எப்படிக் குறையும்? வெள்ளைத்தாளில் முதல் கோடு தப்பினால் கை நின்றுவிடும். இங்கே தப்பின் மேலேயே இன்னொரு துண்டை ஒட்டிக்கலாம். பழைய பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, தறி நூல் போதும். பசை மட்டும் கெட்டியா இருக்கட்டும். தண்ணியா இருந்தா பேப்பர் சுருங்கிடும்.