கவுண்டரில் ஆளில்லாத அடகுக் கடை

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அடகுக் கடைப் படி ஏறியவர்களுக்குக் கணக்கு தெரியும். நகையின் மதிப்பைவிடக் குறைவாகவே பணம் கிடைக்கும். 1972ஆம் ஆண்டு அடகுக் கடைச் சட்டப்படி மாத வட்டி 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மீட்க ஆறு மாதத் தவணை உண்டு. இடையில் தங்கம் விலை சரிந்தாலும் தவணைக்கு முன் சங்கிலி ஏலத்திற்குப் போகாது.

இந்தப் பாதுகாப்புதான் கிரிப்டோ கடனில் கிடையாது. ஏவ், காம்பவுண்ட் போன்ற மையமில்லாக் கடன் தளங்களில் மேலாளர் இல்லை. கணினி நிரலாக எழுதிய ஒப்பந்தமே கடன் தருகிறது. பிணையை விற்பதும் அதுவே. சம்பளச் சீட்டு கேட்பதில்லை. தவணைத் தேதியும் பொதுவாக இல்லை. அப்படியானால் பிணை எப்போது பறிபோகும்?

ஒருவர் 10,000 ரிங்கிட் மதிப்புள்ள ஈத்தரைப் பிணையாக வைத்து, 6,000 ரிங்கிட்டுக்கு ஈடான, டாலர் மதிப்பையொட்டிய நாணயத்தைக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏல வரம்பு 80 விழுக்காடு. பிணையில் 80 விழுக்காடு, அதாவது 8,000ஐக் கடனால் வகுத்தால் 1.33. இதைத்தான் ஹெல்த் ஃபேக்டர் என்கிறார்கள். கடனின் உடல்நிலை எனலாம். ஈத்தர் விலை கால்வாசி சரிந்தால் இது 1 ஆகிவிடும். அதற்குக் கீழே போனால், யாரோ ஒருவர் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிட்டுப் பிணையைத் தள்ளுபடி விலையில் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தள்ளுபடிதான் கடன்காரருக்கு அபராதம். கடிதம் வராது. விடியற்காலை மூன்று மணிக்கும் நடக்கும். விலை அசையாவிட்டாலும், வட்டி ஏற ஏற இந்த எண் மெல்லக் குறையும். பலர் கவனிக்காத இடம் இது.

2020 மார்ச் 12ஆம் தேதி ஈத்தர் ஒரே நாளில் 40 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. மேக்கர் என்ற தளத்தில் (2024இல் இதன் பெயர் ஸ்கை ஆனது) அபராதம் 13 விழுக்காடுதான். ஆனால் ஈத்தரியம் வலையமைப்பு நெரிசலில் திணறியதால் ஏலத்திற்கு ஆள் வரவில்லை. சிலரது பிணை ஏறக்குறைய இலவசமாகவே போய்விட்டது.

அதே 10,000க்கு 4,000 மட்டும் வாங்கியிருந்தால் எண் 2. விலை பாதியாகும்வரை தாங்கும். அந்த மார்ச் நாளையும் தாண்டியிருக்கும்.

மலேசியாவில் 2019 ஜனவரி 15 முதல் மின்னியல் நாணயங்கள் செக்யூரிட்டீஸ் கமிஷனின் கண்காணிப்பில் உள்ளன. பதிவு பெற்ற சந்தைகளின் பட்டியலை அதன் இணையத் தளத்தில் பார்க்கலாம். மேலே சொன்ன கடன் தளங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.