பதிமூணு அடிச் சுவரும் பயர் ஆபீஸ் ரூமும்



நம்ம எல்லோருடைய பெயர், பிறந்த தேதி, கைரேகை, ரேஷன் கார்டு, ஸ்காலர்ஷிப் வரும் பேங்க் கணக்கு எல்லாமே ஏதோ ஓர் அரசாங்கக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அது பத்திரமா இருக்கா என்று கேட்டால் பெரிய அதிகாரிகளும் அமைச்சர்களும்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன பதில்களில் சிலவற்றைத் தேடிப் படித்தேன். இதைப் புரிந்துகொள்ள பெரிய கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் வேண்டாம். நம்ம ஊர் பயர் ஆபீஸைத் தெரிந்தாலே போதும்.

2018 மார்ச்சில் ஆதார் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், ஆதார் விவரங்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றன என்றார். பலபேர் கேலி செய்தார்கள். கம்ப்யூட்டர் திருடன் ஏணி போட்டு ஏறியா வருவான்? ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி அஜய் பூஷண் பாண்டே நீதிமன்றத்தில் படம் போட்டு இன்னும் தெளிவாகச் சொன்னார். விவரங்கள் 2048 பிட் சாவியால் பூட்டப்பட்டுள்ளன, அதை உடைக்க மிக வேகமான கம்ப்யூட்டருக்கும் பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகக் காலம் ஆகும் என்றார். கணக்குப்படி அது சரிதான். ஆனால் திருடன் எதற்குப் பூட்டை உடைக்கிறான்? சாவி வைத்திருக்கும் ஆளைத் தேடுவான். அதே வருடம் ஜனவரியில் தி டிரிப்யூன் பத்திரிகை, 500 ரூபாய் கொடுத்து ஒரு லாகின் வாங்கி, மக்களின் பெயர், முகவரியைப் பார்க்க முடிந்தது என்று எழுதியிருந்தது. கைரேகை எதுவும் வெளியே போகவில்லை என்று ஆணையம் மறுத்தது.

இப்போது பயர் ஆபீஸுக்கு வருவோம். என் சித்தி அங்கேதான் வேலை பார்க்கிறாங்க. ஒரு ரூமுக்கு நாலு பேர்தான், அன்றைக்கு வேண்டிய மருந்துதான், ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் இடைவெளி கண்டிப்பா இருக்கணும். உரசினால் பொறி வரும் இரும்புச் சாமான் ஆகாது, செல்போன் உள்ளே போகக் கூடாது. தீயே பிடிக்காது என்று நம்பிப் போட்ட விதி இல்லை இது. பிடித்தால் அந்த ஒரு ரூமோடு நிற்கணும் என்பதற்காகப் போட்டது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் தீ ஒரு ரூமோடு நிற்கவில்லை. உதவிக்கு ஓடியவர்களும் சேர்ந்து 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். நம்ம பக்கத்தில் அதைத் தெரியாத வீடு இருக்காது.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கும் இதே மாதிரிதான். முக்கியமானதைத் தனி ரூமில் வைக்கணும். நமக்கு அவ்வளவு தூரமில்லாத கூடங்குளத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனி, ஆபீஸ் வேலைக்கான இன்டர்நெட் கம்ப்யூட்டர்கள் தனி. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளத்தில் வைரஸ் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது. அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தகவல் அதிகாரி அறிக்கை விட்டார். இயக்கும் கம்ப்யூட்டர்களுக்கு வெளித் தொடர்பே கிடையாது, அதனால் அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றார்.

மறுநாளே இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. வைரஸ் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு கண்டுபிடித்துச் சொன்னது, அது ஆபீஸ் வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது, முக்கிய நெட்வொர்க்குக்குப் போகவில்லை என்று அதில் இருந்தது. அந்த வைரஸின் பெயர் டிட்ராக் என்று நிபுணர்கள் சொன்னார்கள்.

கவனித்துப் பார்த்தால் இரண்டாவது அறிக்கைதான் நமக்குத் தைரியம் தருகிறது. தீ பிடித்தது, ஆனால் ஒரு ரூமோடு நின்றது என்கிறது. முதல் அறிக்கையைப் படித்தவனுக்கு, தீ பிடித்த விஷயமே தெரியாது. செப்டம்பரிலேயே தெரிந்ததை அக்டோபர் கடைசி வரை ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

சரி, தனி ரூம் இருந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. ஈரானில் நதான்ஸ் என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் ஆலை இருந்தது. அதன் கம்ப்யூட்டர்களுக்கும் இன்டர்நெட் கிடையாது. ஆனாலும் 2010-ல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் உள்ளே போயிருந்தது. அது பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. சட்டைப் பையில் தீப்பெட்டியோடு மருந்து ரூமுக்குள் போகிற மாதிரி. எந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகக் காட்டியதாம்!

கடைசியாக டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23-ஆம் தேதி அங்கே சர்வர்கள் முடங்கின. ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு எழுதுவது, ரிப்போர்ட் கொடுப்பது எல்லாம் கையால்தான். 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் விவரங்கள் பூட்டப்பட்டுவிட்டன. அப்போது தகவல் தொழில்நுட்ப இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம், நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்பது. நம்ம பாஷையில், ரூம்களை ஒட்டி ஒட்டிக் கட்டிவிட்டார்கள்.

நான் படித்ததில் எனக்குப் பிடித்த பேச்சு இதுதான். இதைக் கேட்ட எந்த ஆஸ்பத்திரிக்காரரும், எந்தக் கலெக்டர் ஆபீஸ்காரரும் தன் இடத்தில் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று போய்ப் பார்க்கலாம். சாத்தியமே இல்லை என்ற பேச்சைக் கேட்டால் எதைப் போய்ப் பார்ப்பது?

நம்ம ஸ்கூலில் ஸ்காலர்ஷிப் விவரம் ஏற்றும் கம்ப்யூட்டரும், நாம பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க பென் டிரைவ் சொருகும் கம்ப்யூட்டரும் ஒன்றா, வேறயா என்று கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்றேன் என்றார். சொன்னதும் இதே பலகையில் எழுதுகிறேன்.