ஆடவர் முதுகெலும்பும் எலும்பின் அடர்த்தியும்

தாராவியில் மூட்டை சுமந்து உழைத்தவரும், மாதுங்காவிலிருந்து நாள்தோறும் ரயிலேறிச் சென்று நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதியவரும் அறுபது வயதைக் கடந்தபின் ஒரே குறையைக் கூறக் கேட்கிறோம். அது முதுகு வலி. சோதனை செய்துகொண்டதும், “வட்டு தேய்ந்துள்ளது, ஆயினும் முதுகெலும்பின் அடர்த்தி நன்றாகவே உள்ளது” என்ற விடை கிடைக்கிறது. அவரும் மன அமைதியுடன் வீடு திரும்புகிறார். அந்த அமைதி எப்போதும் பொருத்தமானதன்று.

ஏன் என்பதைப் பார்ப்போம். அடுக்கடுக்காய் அமைந்த முள்ளெலும்புகளுக்கிடையே 23 வட்டுகள் மெத்தைபோல் உள்ளன. இளமையில் வட்டின் நடுப்பகுதியில் பெரும்பங்கு நீரே. அதனுள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அடுத்துள்ள எலும்பிலிருந்து ஊறி வருவதே அதற்கு உணவு. வயது ஏற ஏற நீர் வற்றி வட்டு மெலிகிறது. உடனே அதனை ஒட்டிய எலும்புப் பரப்பு இறுகுகிறது; விளிம்புகளில் முட்கள் போன்ற புது எலும்பு வளர்கிறது.

எலும்பின் அடர்த்தியை அளக்க, இருவகை ஆற்றலுடைய எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்துவர். எலும்பு எவ்வளவு கதிரைத் தடுக்கிறதோ, அவ்வளவு அடர்த்தி என்பது கணக்கு. இளையோர் சராசரியோடு ஒப்பிடுகையில் அளவு கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழாயின் அது எலும்புப்புரை நோய். உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் பெண்களுக்கென வகுத்த இவ்வரம்பு, இன்று ஐம்பது கடந்த ஆடவர்க்கும் பயன்படுகிறது.

ஆனால் கருவி, உள்ளே மெலிந்த எலும்பையும் விளிம்பில் வளர்ந்த முள்ளையும் பிரித்தறியாது. இரண்டையும் கூட்டிச் சொல்லிவிடும். உத்தரத்தைக் கரையான் அரித்திருக்க, வெளிப்பூச்சின் கனத்தைக் கண்டு வீடு உறுதியானது என்பது போன்றதே இது. தேய்ந்த வட்டு எலும்புக்குக் காவல் அன்று.

எலும்புப்புரை பெண்களின் நோய் என்று ஆடவர் ஒதுக்கிவிடுகின்றனர். தொடை எலும்பின் கழுத்து முறிந்தோருள் ஓராண்டிற்குள் உயிரிழப்பவரின் விகிதம் பெண்களைவிட ஆண்களிடையே மிகுதி என்பதை அவர்கள் அறிவதில்லை.

ஆதலின், முதுகு தேய்ந்த முதியவர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்று: “என் தொடை எலும்பின் அளவு யாது?” அங்கே வட்டு இல்லை, ஆகவே இம்மயக்கமும் இல்லை. உயரம் குறைந்திருப்பின், சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்திருப்பின், அதனையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். புகையையும் மதுவையும் விலக்கி, நாள்தோறும் நடந்து, வெயிலும் பாலும் கேழ்வரகும் உடலுக்குச் சேரச் செய்தல் நன்று.