பதுக்கையும் கற்பதுக்கையும்: பெருங்கற்காலக் களங்களின்வழிச் சங்கச் சொற்பொருள் காணல்

முன்னுரை

சங்கப் பாடல்களில் இடம்பெறும் பதுக்கை, நடுகல், தாழி ஆகிய சொற்களுக்குப் பொருள் காண்போர் இன்று தொல்லியல் சான்றுகளையும் துணைக்கொள்கின்றனர். இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. எனினும், தொல்லியலார் ஆளும் தமிழ்க் கலைச்சொற்கள் பல அண்மைக் காலத்தில் வகுக்கப்பட்டவை. ஈமச்சின்னங்களை வகைப்படுத்தும் முறையை வி. டி. கிருஷ்ணசாமி 1949ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வரையறுத்தார். கல்திட்டை, கற்பதுக்கை, கல்வட்டம், கற்குவை முதலிய தமிழ்ப் பெயர்கள் அத்தகைய வகைப்பாட்டிற்கு இணையாக வழங்கி வருவன. ஆகவே, பாடலில் உள்ள ‘பதுக்கை’யும் அகழாய்வு அறிக்கையில் உள்ள ‘கற்பதுக்கை’யும் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்கு அகராதி மட்டும் விடை தாராது. களத்தில் நின்று காண்பதன் வாயிலாகவே விடை தேட இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

களத்தில் காணப்படும் வகைகள்

ஈமச்சின்னத்தின் வடிவத்தை அந்நிலத்தின் கல்லே பெரிதும் உறுதி செய்கிறது. பலகையாகப் பிளக்கும் கருங்கல் நிறைந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், மல்லச்சந்திரம் குன்றின் பாறைப்பரப்பின் மேலேயே கல்திட்டைகள் நிற்கின்றன. பழனி மலைத்தொடரிலும் இத்தகைய திட்டைகள் பல உள்ளன. அவற்றைப் பற்றிய ஆங்கிலேட், நியூட்டன் ஆகியோரின் நூல் 1928இல் வெளிவந்தது. செங்கற்பட்டுப் பகுதியின் சானூர், குன்னத்தூர் ஆகிய இடங்களில் கல்வட்டங்களின் நடுவே கால்களுடன் கூடிய சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்துள்ளன. தாமிரபரணிக் கரையில் அமைந்த ஆதிச்சநல்லூரிலோ பரல் மேட்டில் குழி அகழ்ந்து தாழிகளை இறக்கியுள்ளனர். அங்குக் கல்வட்டம் இன்றியமையாததாக இல்லை.

கற்பதுக்கை என இன்று வழங்கப்படுவது, நிலத்தைத் தோண்டி நான்கு பக்கங்களிலும் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் இட்ட அறையாகும். கொங்குப் பகுதியில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் இதன் வளர்ந்த நிலையைக் காணலாம். அங்குப் பலகைக்கற்கள் ஒவ்வொன்றும் அடுத்ததன் விளிம்பைக் கடந்து நீளுமாறு நிறுத்தப்பட்டுள்ளன. புறத்தேயுள்ள மண் உள்நோக்கி அழுத்தும்போது ஒரு கல் மற்றொரு கல்லைத் தாங்கிக்கொள்ளும், அறை சரிவதில்லை. பலகையொன்றில் இடுதுளை இருக்கும். அறைக்கு மேல் கற்குவையும் அதனைச் சூழக் கல்வட்டமும் அமையும். இவ்வமைப்பிற்குப் பாறை பிளத்தல், கல் இழுத்தல், குழி அகழ்தல், அளவறிந்து பொருத்துதல் எனப் பலருடைய திட்டமிட்ட உழைப்பு வேண்டும். ஒரு சமூகம் தன்னுள் மதிப்புப் பெற்ற ஒருவர்க்குச் செய்யும் பணி இது.

பாடல் சுட்டும் பதுக்கை

அகநானூற்றிலும் புறநானூற்றிலும் பதுக்கை பெரும்பாலும் பாலை வழியில் காணப்படுகிறது. ஆறலைப்போர் எய்த அம்பினால் வீழ்ந்தவர்களின் உடலை மூடிய குவியலாகவே அது சுட்டப்படுகிறது. சில இடங்களில் தழையும் சருகும் அதன்மேல் கிடக்கின்றன. புறநானூற்றின் மூன்றாம் பாடல் இக்குவியல்களைப் புதியன எனச் சுட்டுகிறது. அதாவது, வழிச்செல்வோர் அஞ்சும் வகையில் நாள்தோறும் பெருகுபவை அவை. அடக்கம் செய்வோரும் பெரும்பாலும் உடன் வந்தவர்களாகவோ பின் வந்த வழிப்போக்கர்களாகவோ இருத்தல் கூடும். இத்தகைய சூழலில் பலகைக்கல் பிளந்து நிறுத்துவது இயலாது. கைக்குக் கிடைத்த கல்லையும் தழையையும் கொண்டு உடலை மறைப்பதே இயலும். ‘பதுக்கு’ என்னும் வினையடி மறைத்தலையே உணர்த்துவதும் இதற்கு அரணாகும்.

எனவே, சங்கப் பாடலின் பதுக்கை என்னும் சொல்லைக் கண்டவுடன் கொடுமணலின் கல்லறையை நினைத்தல் பிழைபட்ட வாசிப்பிற்கு இடந்தரும். அவ்வாறு வாசித்தால், துணையின்றி வழியில் மடிந்தோர்க்குச் செய்த விரைவான அடக்கம், ஊரார் கூடிச் செய்த பெருஞ்சிறப்பாக மாறிவிடும். பாடலின் அவலச்சுவையும் உடன் மறைந்துவிடும்.

ஆயினும், இரண்டிற்கும் தொடர்பே இல்லை எனத் துணிவதும் பொருந்தாது. கொடுமணல் போன்ற களங்களுக்குச் செல்வோர் முதலில் காண்பது அறையை அன்று; மேலே கிடக்கும் கற்குவையையே காண்பர். அகழ்ந்தாலொழியக் கீழே அறை உண்டா, இல்லையா என்பது புலப்படாது. வழிச்சென்ற புலவர்க்கும் நிலை அதுவே. ஆதலின், பதுக்கை என்பது உள்ளமைப்பைக் குறிக்கும் கட்டடச் சொல்லன்று, புறத்தோற்றத்தைக் குறிக்கும் காட்சிச்சொல் எனக் கொள்வதே சாலும். இதனை ஏற்பின், சொல்லின் பொருளைச் சூழல் கொண்டே ஒவ்வோரிடத்தும் தனித்தனியே தெளிய வேண்டியிருக்கும்.

நடுகல்லும் எழுத்தும்

புறநானூற்றின் 264ஆம் பாடல் இவ்வகையில் கருதத்தக்கது. பரல் நிலத்தில் பதுக்கை சேர்த்து, மாலையும் மயிற்பீலியும் சூட்டிப் பெயர் பொறித்துக் கல் நட்ட செய்தியை அது தருகிறது. பதுக்கையும் நடுகல்லும் ஒரே சடங்கின் இரு கூறுகளாக இங்கு அமைகின்றன. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் துறைகளும் கல் நடுதலை ஒழுங்குற்ற வழக்கமாகவே காட்டுகின்றன.

பெயர் பொறித்தல் புலவரின் கற்பனை எனக் கருத இடமிருந்த நிலையை, 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த மூன்று கற்கள் மாற்றின. தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த இக்கற்களில் உருவம் எதுவும் இல்லை. தமிழி எழுத்துகள் மட்டுமே உள்ளன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த ஒருவனைக் குறிக்கிறது. ‘ஆகோள்’ என்னும் வெட்சித்துறைச் சொல் கல்லிலேயே இடம்பெற்றிருப்பது இலக்கியமும் களமும் நேர்நின்று பொருந்தும் அரிய சான்றாகும். புதுக்கோட்டை மாவட்டம் பொற்பனைக்கோட்டையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டுடைய நடுகல்லும் இவ்வழக்கம் ஓரிடத்திற்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்துகிறது.

ஊரும் ஈமக்காடும்

ஈமச்சின்னத்தை மட்டும் கண்டு திரும்புதல் பாதிக் களப்பார்வையே ஆகும். அதனை எழுப்பியோர் வாழ்ந்த ஊரும் அண்மையில் இருத்தல் வேண்டும். கொடுமணலில் வாழ்விடமும் ஈமக்காடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வாழ்விடத்தில் மணிக்கற்களைத் துளையிட்டு மெருகிட்டதற்கும், இரும்பு உருக்கியதற்கும் சான்றுகள் கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் மிகுதியாகக் கிடைத்தன. ஈமச்சின்னங்களில் சூதுபவள மணிகள் கிடைத்தன. பதிற்றுப்பத்து கொடுமணத்தின் அணிகலன்களைப் போற்றுவதற்கு இம்மண்ணே விளக்கமாகிறது.

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில், 2009ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் ஈமச்சின்னம் ஒன்றினுள் எழுத்துப் பொறித்த புரிமனையும் நெல்லும் கிடைத்தன. அந்நெல் கி.மு. 490ஐ ஒட்டியதெனக் காலக்கணிப்புச் செய்யப்பட்டது. பெருங்கற்சின்னம் எழுப்பியோரிடையே எழுத்து வழங்கியது என்பதற்கு இது சான்று. எனவே, பெருங்கற்சின்னங்கள் அனைத்தையும் ‘வரலாற்றுக்கு முந்தையவை’ என ஒருசேர வகுப்பது பொருந்தாது.

ஊர்வழக்குப் பெயர்களும் களத்தின் அழிவும்

ஊர் மக்கள் இச்சின்னங்களைப் பாண்டவர் குழி, குரங்குப்பட்டடை, மதமதக்கத் தாழி என வெவ்வேறு பெயர்களால் வழங்குவர். மிக முதியோரைத் தாழியில் வைத்துப் பேணினர் என்னும் கதையும் பரவலாக உண்டு. இவை வரலாற்றுச் செய்திகள் அல்ல. எனினும், சின்னத்தை எழுப்பியோரின் நினைவு அறுந்தபின் மக்கள் அதற்குத் தந்த விளக்கங்கள் என்னும் வகையில் பதிவு செய்யப்பட வேண்டியவை. களம் அழிந்தபின் சிலவிடங்களில் எஞ்சுவது பெயர் ஒன்றே.

அழிவின் வரிசையும் எண்ணத்தக்கது. பெரிய பலகைக்கல்லைப் பெயர்க்கப் பொறி வேண்டும். கற்குவையை அள்ள ஒரு கூடை போதும். வயல் வரப்பிற்கும் சாலைக்கும் முதலில் செல்வது கற்குவையே. ஆகவே, பாடலின் பதுக்கைக்கு மிக நெருங்கிய வடிவமே மிக விரைவாக மறையும் வடிவமாகவும் உள்ளது. 1958ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும், 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே காப்பளிக்கின்றன. புறம்போக்கிலும் மேய்ச்சல் நிலத்திலும் பெயர் அறியப்படாமல் கிடக்கும் குவைகளுக்கு அக்காப்பு எட்டுவதில்லை.

முடிவுரை

பதுக்கை என்னும் சங்கச்சொல் புறத்தோற்றம் பற்றியது. கற்பதுக்கை என்னும் இன்றைய கலைச்சொல் உள்ளமைப்புப் பற்றியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாது, பாடற்சூழலும் களச்சூழலும் கொண்டு பொருள் தெளிதல் வேண்டும். அதற்குக் களம் செல்லும் இலக்கிய ஆய்வாளர் குவையின் அமைப்பு, பழைய வழித்தடம், அண்மை வாழ்விடம், நீர்நிலை, ஊர்வழக்குப் பெயர் ஆகியவற்றைக் குறித்தும் படமெடுத்தும் வருதல் நலம். ஓட்டையோ கல்லையோ இடம்பெயர்த்தல் கூடாது. இடத்தினின்று பெயர்ந்த சான்று பொருள் இழந்துவிடும். பழைய வழித்தடங்களின் ஓரத்தே எஞ்சிய குவைகள் பதிவாகும் முன்னரே அள்ளப்படுமாயின், இச்சொல்லின் பொருளை இனி உரைகளின் துணைகொண்டு மட்டுமே வழக்காட வேண்டியிருக்கும்.